ஆறரை அங்குலம்

மலையடிவாரத்தில், ஹேமர் பிட் விற்கிற கடைக்கு மேல்மாடியில்
கோகிலவாணியின் டிராவல்ஸ்.
"ஏழு ராத்திரி, எட்டுப் பகல், தான்சானியா.
நோட்டீசுக்கு நாலு வரி சொல்லுங்ண்ணா,
மூணு வருசம் இருந்துட்டு வந்தவரு நீங்க."

இருந்தேன்தான்.
திருச்செங்கோட்டு ரிக் வண்டி கப்பலேறி
தார் எஸ் சலாம் துறையில் இறங்கிய நாளிலிருந்து.
ஆனால் நான் பார்த்த நாடு, கோகிலா,
பாதி குழிக்குள் இருந்தது.
செம்மண் பதினாறு அடி,
சுண்ணாம்புக்கல் நாற்பது,
அப்புறம் நம் சங்ககிரிப் பாறைக்குப் பங்காளி போல
ஒரு கருங்கல். வழி விடுவேனா என்றது.

எழுதிக்கொள்: யானை.
நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்தது,
பொழுது விழுந்த பின், சேற்றுநீர் தேங்கிய குட்டைக்கு.
கம்ப்ரசரை நிறுத்தினோம்.
பதினோரு யானை.
உறிஞ்சும் சத்தம் தவிர அந்தச் சமவெளியில்
வேறு சத்தம் இல்லை.
அந்த இரண்டு மணி நேரத்தை முதலாளி
'மெசின் ரிப்பேர்' என்று கணக்கில் எழுதினார்.

சிங்கமா? குரல்தான்.
வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர்கள்
வண்டிக்கு மேலே ஏறினோம். அவ்வளவுதான் அனுபவம்.
'சிங்கம் நிச்சயம்' என்ற வரியை அடித்துவிடு.

எயாசி ஏரிப் பக்கம் ஹட்சா மக்கள்.
காளையை முடுக்க மட்டும் நாம் வைத்திருக்கும்
நாக்குச் சொடுக்கை
அவர்கள் பேச்சுக்குள் வைத்திருக்கிறார்கள்.
நானும் ஒரு சொல் சொல்லிப் பார்த்தேன்.
கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தவள் சிரித்த சிரிப்பில்
என்ன சொல்லித் தொலைத்தேன் என்று
இன்றுவரை தெரியாது.

லெமாயன், மசாய்க்காரன், எங்களுக்கு ராடு தூக்கினவன்.
அவன் போர்த்தியிருந்த சிவப்புக் கட்டத்தை
சென்னிமலைப் போர்வை என்றே நினைத்தேன்.
உள்ளங்கையில் தேங்காய் நிமிர
நான் நீரோட்டம் பார்த்த அன்றைக்குக் கேட்டான்:
"தண்ணி இருக்கற எடம் தெரிஞ்ச காய்,
அதைப் போயி ஏன் ஒடைச்சுத் திங்கறீங்க?"

சோறு?
கேட்பார்கள், நம் சனம் அதைத்தான் முதலில் கேட்கும்.
உகாலி என்று போடு.
நம் களி, வெள்ளைச் சட்டை போட்டது.

ஒரு லீவில் கில்வா தீவுக்குப் போனேன்.
பவளக்கல் பள்ளிவாசல், கூரையில் பாதி வானம்.
பொன்னும் தந்தமும் போன கரை,
பின்னாளில் மனிதர்களையும் ஏற்றிய கரை.
கோகிலாவின் பேனா நின்றது.
"இதைப் போடலாமுங்களா?"
போடு.
காவல்காரர் ஒரு தட்டில் கண்ணாடி மணிகள் காட்டினார்,
கடுகளவு, இந்தியாவிலிருந்து வந்ததாம்.
கொடுமணல் என்று சொல்ல நாக்கு துடித்தது.
கணக்குப் பார்த்தால் ஆயிரம் வருசம் இடிக்கிறது.
விழுங்கிக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. நோட்டீசுக்கு இல்லை.
லோங்கிடோவுக்குத் தெற்கே, மூன்று வேலமரம் நிற்கிற இடம்.
அறுநூற்றிருபது அடி ஓட்டினோம்.
புகை பறந்தது.
வாளியோடு காத்திருந்த பெண்கள்
எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு
வந்த வழியே நடந்தார்கள்.
விடியுமுன் வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டார் முதலாளி.
மூடி வெல்டிங் வைக்க நேரமில்லை.
ஒரு கல்லை உருட்டி வைத்தேன், நான்தான்.

ஆறரை அங்குல வாய்.
வரிக்குதிரைக் குட்டியின் கால் போகும்.
நம்மூரில் அந்த வாய்க்கு என்னென்ன போனதென்று
உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன் ஆட்கள் யாராவது அந்தப் பக்கம் போனால்,
ஒட்டகச்சிவிங்கியெல்லாம் பார்த்து முடித்த பிறகு போதும்,
ஜீப்பை விட்டு இறங்கி
அந்தக் கல் இருக்கிறதா என்று பார்த்து
எனக்கு ஒரு போன்.